மஃரிபுக்கு முன் பைக், மஃரிபுக்குப் பின் கார்

கல்முனைப் பெரிய வீதியில் கச்சிமுகம்மதுவின் டயர் கடைக்கு ஒரு வான் வந்தால், நாலு சில்லையும் மாற்றி முடிக்க ஒரு தேத்தண்ணி, இரண்டு கொட்டாவி, கொஞ்சம் அரசியல் ஆகும். இதில் எதையும் குறைக்க அவர் முயன்றதில்லை. அப்படிப்பட்டவருக்கு ஃபோர்முலா வன் கார் ஓட்டத்தில் பைத்தியம் பிடித்ததற்கு ஒரே காரணம், அங்கே நாலு சில்லும் கண் மூடித் திறப்பதற்குள் மாறிவிடும் என்பதுதான். கார்கள் ஓடுவதை அவர் பொறுத்துக்கொள்வார். அவை டயர் மாற்ற நிற்கும்போதுதான் நிமிர்ந்து உட்காருவார்.

“எந்த டயர், எப்ப மாத்துற, மழை வருமா வராதா. இது ஓட்டமில்ல புள்ள, யாவாரம்” என்று மனைவி சுஹறாவுக்கு விளக்குவார்.

“யாவாரமெண்டா கடையில பாருங்களன். ஊட்டுல என்னத்துக்கு?” என்பாள் சுஹறா.

அந்தக் கூட்டத்தில் அவர் தன் மனிதனாக வரித்துக்கொண்டவன், பச்சைத் தொப்பி போட்ட ஒரு காரோட்டி. பெயர் வாயில் நுழையாததால் அவன் பச்சைத் தொப்பியாகவே வீட்டில் ஓர் ஆளாகிவிட்டான். ஏழெட்டு வருஷமாக ஓடுகிறான். வென்றதில்லை. நாலாவதாக வருவான், ஐந்தாவதாக வருவான், சில நாள் புல்லுக்குள் போய் நின்றுவிடுவான். அவன் முதலாவதாக வருவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது கச்சிமுகம்மதுவின் ஒரே உலக ஆசை. மற்ற ஆசைகளையெல்லாம் சுஹறா ஏற்கெனவே தீர்த்துவைத்திருந்தாள்.

இந்த நிலையில்தான் மகள் அப்ராவுக்குக் கல்யாணம் நடந்தது. இந்தக் கரையில் கல்யாணம் என்றால் பெண் எங்கும் போகமாட்டாள், மாப்பிள்ளைதான் வருவார். சம்மாந்துறையிலிருந்து மாப்பிள்ளை பஸால், ஒரு பெட்டியும் ஒரு மோட்டார் சைக்கிளும் கொண்டு வந்து சேர்ந்தார். வீடு மகள் பெயருக்கு எழுதியாயிற்று. டீவி எழுதப்படவில்லைதான். ஆனால் டீவி தொங்குகிற சுவர் எழுதப்பட்டிருந்தது.

மீன் தலை மருமகனுக்கு, காற்று வருகிற கதிரை மருமகனுக்கு. றிமோட் யாருக்கு என்று மார்க்கம் படித்த எந்த ஆலிமும் சொல்லி வைக்கவில்லை. ஆனாலும் கச்சிமுகம்மது முதல் ஞாயிற்றுக்கிழமையே அதை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார். பஸால் வெட்கப்பட்டு வாங்கி, வெட்கப்படாமல் பைக் ஓட்டத்தைப் போட்டார்.

“இதென்ன மருமகன், விழுந்திருவானுகள் போல இரிக்கி?”

“அதுதான் மாமா விசயம். கார்ல முன்னுக்குப் போனவன் முன்னுக்குத்தான் போவான். இதுல ஒரு சுத்துக்குள்ள நாலு தரம் மாறும். வளைவுகள்ல முழங்கால் ரோட்டுல ஒரச ஒரசக் கிறுகுவானுகள்.”

“டயர் எப்ப மாத்துவானுகள்?”

“மாத்தமாட்டானுகள் மாமா.”

டயர் மாற்றாத ஓட்டத்தைச் சம்மாந்துறை ஆட்கள் ரசிப்பதில் ஆச்சரியமில்லை என்று கச்சிமுகம்மது மனதுக்குள் ஊரையே சேர்த்துக் குறித்து வைத்துக்கொண்டார்.

சுஹறாவுக்கு இரண்டும் பிடிக்காது. ஒருநாள் சானல் தவறிக் காட்டுப்பாதைக் கார் ஓட்டம் ஒன்றைப் பார்த்துவிட்டாள். சேறு, கல், தண்ணீர். ஓட்டுகிறவன் பக்கத்தில் இன்னொருவன் உட்கார்ந்து, எங்கே வளைவு, எங்கே பள்ளம் என்று விடாமல் சொல்லிக்கொண்டே வருகிறான். ஓட்டுகிறவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

“இது ஓட்டம்! பக்கத்தில இரிக்கிற ஆள் சொல்லுறதக் கேட்டு ஓட்டுறான் பாருங்க. ஒங்களோட நான் அம்பாறைக்குப் போன நேரமெல்லாம் நீங்க கேட்டீங்களா?” என்றாள்.

பைக்கும் காரும் மோதிக்கொள்ளாமல் காத்தது அந்தி நேரத்து மஃரிப் தொழுகைதான். அனேக ஞாயிறுகளில் பைக் ஓட்டம் பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு நடந்து, மஃரிப் பாங்குக்கு முன் முடியும். மாமனும் மருமகனும் பள்ளிக்குப் போய்த் தொழுதுவிட்டு வர, கார்கள் தயாராக நிற்கும். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்காமலே இருவரும் பெரிய மனிதர்களாக இருக்க முடிந்தது.

பிறகு ஒரு ஞாயிறு, எங்கோ ஓர் ஐரோப்பிய ஊரில் மழை பெய்தது. பைக் ஓட்டம் பிந்திப்போனது. அதே நாளில்தான் பச்சைத் தொப்பி, வாழ்க்கையில் முதல் தடவையாக, எல்லாருக்கும் முன்னால் நின்று ஓட்டத்தைத் தொடங்கப் போகிறான். பள்ளியில் கச்சிமுகம்மது கேட்ட துஆவில் பாதி அவனுக்குத்தான் போனது. வீட்டுக்கு வந்தால் பைக்குகளும் அப்போதுதான் உறுமத் தொடங்குகின்றன.

“மாமா, காரப் போடுறன். ஒங்கட ஆள் முன்னுக்கு நிக்கிறானே” என்றார் பஸால்.

“சீச்சீ, அதெல்லாம் வேணா. நீங்க பைக்கப் பாருங்க.”

“நான் போன்ல பாக்குறன் மாமா.”

“ஊட்டு மருமகன் மூலைக்குள்ள இருந்து போன்ல பாக்குறதா? ஊரு என்ன கதைக்கும்?”

“அப்ப நீங்க போன்ல...” என்று தொடங்கிய பஸாலை அப்ரா முறைத்தாள்.

சமையலறையிலிருந்து சுஹறா எட்டிப் பார்த்தாள். “ரெண்டு பேருக்கும் வேணாட்டி றிமோட்ட இஞ்ச தாங்க.”

ஆபத்தை உணர்ந்த கச்சிமுகம்மது எழும்பினார். “கடைக்கு ஒரு வான் வருது. சில்லு மாத்தணும். நீங்க பைக்கப் பாருங்க மருமகன், அல்லாவுக்காகப் பாருங்க” என்று சொல்லிவிட்டுச் சேட்டின் பொத்தானைப் போட்டபடியே வெளியே பாய்ந்தார்.

கடை பூட்டிக் கிடந்தது. வான் எதுவும் பிறக்கவேயில்லை. அவர் நேரே போனது சந்தித் தேத்தண்ணிக் கடைக்கு. அங்கே பெரிய டீவியில் பைக் ஓட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

“குணம், கொஞ்சம் காரப் போட ஏலாதா?” என்று பக்கத்தில் இருந்த பாண்டிருப்பு ஆட்டோக்காரர் குணத்தின் காதில் கேட்டார்.

“காக்கா, இவ்வளவு பேரும் பைக் பாக்கக்குள்ள காரப் போட்டா, என்னையும் ஒங்களையும் சேத்துத் தூக்கி வீதியில போடுவானுகள். இரிங்க, பால் தேத்தண்ணி குடிங்க.”

இருந்தார். முதலில் ஒரு கண்ணால் பார்த்தார். பிறகு மறு கண்ணும் போனது. மழை ஈரத்தில் ஐந்து பைக்குகள் ஒரே வளைவுக்குள், ஒரே பாயில் படுக்கிற பிள்ளைகள் மாதிரிச் சரிந்தன. கச்சிமுகம்மதுவும் உட்கார்ந்திருந்த வாங்கில் சரிந்தார். கடைசிச் சுற்றில் அவர் சரிந்த சரிவில் தேத்தண்ணி குணம் கட்டியிருந்த சாரத்தில் கொட்டியது.

“காக்கா, பைக்க நீங்களா ஓட்டுற?”

“பொறு பொறு, உள்ளால போறான்!”

பைக் முடிந்த பிறகும் அதைப் பற்றி ஒரு மணி நேரம் கதைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பும்போதுதான் பச்சைத் தொப்பி ஞாபகம் வந்து, நடையை எட்டிப் போட்டார். வாசலிலேயே பஸால் ஓடி வந்தார்.

“மாமா! பச்சத் தொப்பி வெண்டுட்டான்!”

“நீங்க பைக் பாக்கல்லியா?”

“நீங்க வந்து கேட்டா என்ன சொல்லுற எண்டு காரத்தான் பாத்த. மத்தவனெல்லாம் ரெண்டு தரம் டயர் மாத்தக்குள்ள இவன் ஒரேயொரு தரம்தான் மாமா. தேஞ்ச டயரோட கடைசி மட்டும் புடிச்சிட்டான்!”

“ஒரேயொரு தரமா?” டயர் வியாபாரியின் நெஞ்சு ஒரு கணம் வலித்தது. மறுகணம் மருமகனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கொண்டாட்டத்துக்கு இனிப்பு வட்டிலப்பம் வந்தது. பக்கத்து வீட்டுக்கும் ஒரு கோப்பை போனது. என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கு அப்ரா, “வாப்பாட ஆள் வெண்டுட்டாராம்” என்றாள். அவர்கள் எந்தத் தேர்தல் என்று கேட்கவில்லை.

வட்டிலப்பத்தின் நடுவில்தான் சுஹறா மெல்லச் சொன்னாள்: “ஏழெட்டு வருசமா நீங்க பாத்தீங்க, தோத்தான். ஒரு நாள் பாக்கல்ல, வெண்டுட்டான். என்னமோ, எனக்கென்ன.”

கச்சிமுகம்மதுவின் கரண்டி நின்றது.

“அதெல்லாம் நம்பக் கூடாது மாமி” என்றார் பஸால்.

“நான் நம்பல்ல மருமகன்” என்றார் கச்சிமுகம்மது. அவர் உண்மையிலேயே அப்படிப்பட்டவற்றை நம்புகிறவர் அல்ல. ஆனால் பச்சைத் தொப்பி நம்புகிறவனாக இருந்துவிட்டால்? அவனுடைய மார்க்கம் என்னவென்று இவருக்கு எப்படித் தெரியும்?

அடுத்த ஞாயிறு மஃரிபுக்குப் பிறகு பஸால் றிமோட்டை இரண்டு கையாலும் நீட்டினார். “காரப் பாருங்க மாமா.”

“எனக்கு வேணா.”

“மாமா, சும்மா சொல்லாதீங்க.”

“சத்தியமா வேணா மருமகன்! ஓட்டம் முடிஞ்சவுடன எத்தனையாவதா வந்தானெண்டு போன்ல பாத்து மட்டும் சொல்லுங்க.”

வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் மனதாரச் சொன்ன மறுப்பு அது. மாமாவின் பெருந்தன்மையை நினைத்துப் பஸாலுக்குக் கண் கலங்கியது. மரியாதைக்குத் தானும் கார் பார்க்காமல் றிமோட்டை மேசையில் வைத்தார்.

சுஹறா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அதை எடுத்தாள். சேறும் கல்லுமாகப் பாதை விரிந்தது. பக்கத்தில் இருக்கிறவன் சொல்லச் சொல்ல, ஓட்டுகிறவன் வாய் திறக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தான்.

“நல்லாப் பாருங்க” என்றாள், பக்கத்துக் கதிரையில் கணவனைப் பிடித்து உட்காரவைத்து.