அரை மூடி சளி மருந்து

மகளுக்கு ஏழு மாதம் முடிந்ததும் நான் மறுபடி வேலைக்குப் போனேன். பாப்பிரெட்டிப்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு சின்ன மெடிக்கல். காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப இரவு எட்டரை ஆகிவிடும். பகலில் மகளைப் பார்த்துக்கொண்டது என் கணவரின் அக்கா. நான்கு வீடு தள்ளித்தான் குடியிருந்தார். நான் அவரை அண்ணி என்று கூப்பிடுவேன். அவருடைய பிள்ளைகள் இருவரும் ஓசூரில் வேலைக்குப் போய்விட்டார்கள். நாங்கள் கேட்பதற்கு முன்பே, "பாப்பாவ நான் பாத்துக்கறேன், நீ போயிட்டு வா" என்று சொன்னவர்.

அதுவரை இரவில் ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை எழுந்துகொண்டிருந்த மகள், நான் வேலைக்குப் போன வாரத்திலிருந்து மணிக்கொரு தரம் எழ ஆரம்பித்தாள். எழுந்தால் பால் குடிப்பாள். குடித்துவிட்டுக் கண்ணை மூடுவாள். கீழே படுக்க வைத்த அரை மணியில் மறுபடி அழுகை. பல் முளைக்கிறது என்றார்கள், வயிற்றில் காற்று என்றார்கள், கண்ணு பட்டிருக்கும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் ஏதோ செய்து பார்த்தேன். கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார். விடிகாலை மூன்று மணிக்குப் பாலக்கோடு மண்டிக்குத் தக்காளி ஏற்றப் போக வேண்டும். தூக்கம் கெட்டு வண்டி ஓட்டக் கூடாது என்று நான்தான் அவரை மொட்டை மாடியில் படுக்கச் சொன்னேன். ஆகவே இரவுகள் முழுக்க எனக்கு மட்டும்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம், கைக்குழந்தையோடு ஒரு பெண் கடைக்கு வந்தாள். இருபது வயதுகூட இருக்காது.

"அக்கா, பாப்பா ராத்திரில தூங்கவே மாட்டேங்குது. சளி மருந்து குடுத்தா தூங்கும்னு சொன்னாங்க. ஒரு பாட்டில் குடுங்கக்கா."

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரிதான் பேசினேன். "தூங்க வெக்கறதுக்கெல்லாம் மருந்து குடுப்பாங்களா? மூச்சு நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவ? படிச்ச புள்ள மாதிரி இருக்கற."

அவள் எதுவும் வாங்காமல் போய்விட்டாள். நல்ல காரியம் செய்ததாக அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, சர்க்கரை மாத்திரை கேட்டவருக்கு பிரஷர் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அட்டையின் நிறம் மாறியிருக்கிறதே என்று அவரே திரும்பக் கொண்டுவந்தார். கடைக்காரர் கத்தவில்லை. "தூக்கத்துல நின்னுகிட்டு மாத்திரை எடுத்துத் தரக் கூடாதும்மா" என்று மட்டும் சொன்னார்.

அன்று இரவு மகளுக்குச் சளியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. அலமாரியில் இருந்த சளி மருந்தை எடுத்து அரை மூடி கொடுத்தேன். என்ன செய்கிறேன் என்று தெரிந்தேதான் கொடுத்தேன். நாக்கைச் சப்புக்கொட்டிக் குடித்தாள்.

விழித்தபோது ஜன்னலில் வெயில் வந்திருந்தது. மார்பு கட்டி, பால் கசிந்து நைட்டி நனைந்திருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் இரவு முழுக்க அவள் எழவில்லை என்பது உறைத்தது. தூக்கினால் தலை தோளில் தொய்ந்தது. வாயில் மார்பை வைத்தேன்; உறிஞ்சவில்லை. மூச்சு இருந்தது. கண் திறக்கவில்லை.

என் சத்தம் கேட்டு அண்ணி ஓடிவந்தார். தெருவில் பைக் எடுத்துக்கொண்டிருந்த ஒருவரை நிறுத்தி, என்னையும் மகளையும் ஏற்றிவிட்டு, தானும் பின்னாலேயே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டார். பாலக்கோட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கணவர் வண்டியோடு நேராக அங்கே வந்தார்.

டாக்டரம்மா மகளின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். "ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் கணவர் திரும்பி அண்ணியைப் பார்த்தார். "பகல்ல நீதான வெச்சிருந்த. நேத்து என்னத்த குடுத்தக்கா?"

"ராகிக் கூழு ரெண்டு வாய் குடுத்தேன். அதோட சரி."

"நெசமா சொல்லு. தூங்கட்டும்னு எதையாச்சும் ஊத்துனியா?"

அண்ணி என்னைப் பார்த்தார், நான் அவருக்காக ஒரு வார்த்தை பேசுவேன் என்று. நான் குனிந்து மகளின் காலைத் தடவிக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து வெளியே போனார்.

கணவர் சீட்டுப் போடப் போன நேரத்தில், டாக்டரம்மாவிடம் மருந்தின் பெயரையும் அளவையும் சொன்னேன். எழுதிக்கொண்டார். "நீங்க மெடிக்கல்லதான வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். தலையாட்டினேன். நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போனார்.

பதினோரு மணிக்கு மகள் கண் திறந்து அழுதாள். சாயங்காலம் வரை வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுநாள் அண்ணி வரவில்லை. கணவரும் கூப்பிடவில்லை. நான் லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் அண்ணி கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரிடம் யாரோ குனிந்து ஏதோ விசாரித்ததையும், அவர் இல்லை என்று தலையசைத்ததையும் பார்த்தேன். உண்மையை மறைத்துக்கொண்டு நற்கருணை அப்பம் வாங்க நான் எழுந்து போகவில்லை.

ஒன்பதாவது நாள் அவர் வீட்டுக்குப் போனேன். கூலிக்குப் புளி வாங்கிவந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன்.

"அண்ணி, அன்னைக்கு மருந்து குடுத்தது நான்தான்."

அவர் கை நிற்கவில்லை. "தெரியும்."

"எப்படிங்க அண்ணி?"

"நான் குடுக்கல. அப்ப நீதான குடுத்திருக்கணும்." கையிலிருந்த புளியில் கொட்டையை எடுத்துப் போட்டுவிட்டு, "அவன் அப்படிக் கேட்டப்ப நீ வாயத் தொறக்கலியே. அதான் எனக்கு" என்றார். முடிக்கவில்லை.

நான் அழுதேன். அவர் சமாதானப்படுத்தவில்லை. ஒரு தட்டுப் புளி முடிந்த பிறகுதான் பேசினார்.

"நானும் உங்கிட்ட ஒண்ணு மறைச்சேன். பகல்ல பாப்பா பாலு குடிச்சுதான்னு கேப்பியே, ரெண்டு டம்ளர் குடிச்சான்னு சொல்லுவேன். ஒரு வாய்கூட வாங்க மாட்டா. வாசலயே பாத்துட்டு இருப்பா. நீ வேலைல கெடந்து வேதனப்படுவியேன்னு சொல்லல. ராவுல எந்திரிக்காம என்ன பண்ணுவா? அவளுக்குப் பாலும் அப்பத்தான், நீயும் அப்பத்தான்."

ஊரெல்லாம் காரணம் கேட்டேன். பகலெல்லாம் அவளோடு இருந்தவரிடம் அதை ஒருமுறைகூடக் கேட்கவில்லை. இத்தனைக்கும், காலையிலிருந்து கட்டியிருந்த பாலை எட்டரை மணிக்கு அவள் எவ்வளவு பசியோடு உறிஞ்சி முடிப்பாள் என்பது எனக்குத் தெரிந்ததுதான்.

அன்று இரவு கணவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. தட்டில் இருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு அக்கா வீட்டுக்கு நடந்தார். திரும்ப நெடுநேரம் ஆயிற்று. என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்லவில்லை.

கடைக்காரரிடம் கேட்டு வேலையை மத்தியானம் இரண்டு மணியோடு முடித்துக்கொண்டேன். சம்பளம் குறைந்தது. ஒரு மாதத்தில் மகள் இரவில் எழுவது இரண்டு முறையாகக் குறைந்தது. இப்போது ஒன்றரை வயது. இன்னமும் ஒருமுறை எழுகிறாள். நான் மணி பார்ப்பதில்லை. சளி மருந்து கேட்டு வந்த அந்தப் பெண் அதன்பின் எங்கள் கடைப் பக்கம் வரவேயில்லை.

அண்ணி மறுபடி வந்து மகளைப் பார்த்துக்கொள்கிறார். என்னோடு நன்றாகத்தான் பேசுகிறார். ஆனால் ஒரு பிஸ்கட் கொடுப்பதாக இருந்தாலும், பக்கத்தில் யார் இருந்தாலும், கையில் எடுத்து என்னிடம் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறார்.

"இத குடுக்கலாமா?"

"குடுங்க அண்ணி" என்கிறேன்.