மூட்டைகளுக்குப் பின்னால் திணித்த வலை

எனக்கு யாரையும் லேசில் நம்புகிற புத்தி கிடையாது. மூன்று சோப்பு வாங்கினால் ஒன்று இலவசம் என்று பழவேற்காட்டுக் கடைக்காரர் சொன்னால், அந்த ஒன்றைத்தான் முதலில் முகர்ந்து பார்ப்பேன். நாளைக்கே விலையை ஏற்றிவிடுவார், மழை பிடித்தால் படகும் ஓடாது என்று நானே முடிவு கட்டி, எல்லாவற்றையும் மூட்டையாக வாங்கிவிடுவேன். எங்கள் ஊர் ஏரிக்கு நடுவில் இருக்கிறது. அரிசி, பருப்பு, வெங்காயம், சோப்புப் பெட்டி எல்லாம் படகேறி வந்து எங்கள் ஒற்றை அறையில் சுவரோரமாக ஏறி நின்றன. இடம் போதாமல் இறால் வலையைச் சுருட்டி மூட்டைகளுக்குப் பின்னால் திணித்தேன்.

பக்கத்து வீடு என் ஓரகத்தியுடையது. வெங்காயம் கேட்டு அடிக்கடி வருவாள். வந்தால் சும்மா போகமாட்டாள்.

"இன்னாக்கா, கடை எதுனா வைக்கப் போறியா? கால் வைக்க எடமில்லயே."

சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். எனக்கு அது அவளுடைய வயிற்றெரிச்சலாகத்தான் பட்டது. அவள் போன பிறகு மூட்டைகளின் முடிச்சை ஒருமுறை சரிபார்ப்பேன்.

எங்கள் ஏரியில் நினைத்த நாளில் வலை விட முடியாது. முறை வைத்துத்தான் இறங்க வேண்டும். அந்த முறையைப் பாடு என்போம். பாடு வருகிற நாளில் வலை இல்லையென்றால் அந்த நாள் போனது போனதுதான். அடுத்த முறை வரும்வரை கரையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். போன ஐப்பசியில் எங்கள் பாடு வருவதற்கு முந்தின நாள் காலை, என் வீட்டுக்காரர் வலையை இழுத்து விரித்தார். நடுவில் தலை நுழைகிற அளவுக்கு நாலைந்து ஓட்டை.

நான் யோசிக்கவே இல்லை. நேராக ஓரகத்தி வாசலில் போய் நின்றேன்.

"எங்க பாடு வர்றது பொறுக்கலயா ஒனக்கு? வலையில கத்திரி வச்சிட்டியே."

தெருவுக்கே கேட்டது. அவள் விறுவிறுவென்று வாசலை விட்டு இறங்கினாள். என் வீட்டுக்குள் வந்து, ஓட்டையின் விளிம்பைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"கத்திரி வச்சா நூலு நேரா இருக்கும்க்கா. இது பிசிறு பிசிறா கீது. எலி."

பருப்பு மூட்டையை அவளே நகர்த்தினாள். பின்னால் இருந்த சோப்புப் பெட்டிக்குள் எங்கள் வலையின் பச்சை நூலை மெத்தையாகப் பரப்பி எலி குட்டி போட்டிருந்தது. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து வலை நூலைத் தொட்டு வளர்ந்தவள் நான். நூலைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துவிட்டேன். அவமானமாக இருந்தது.

அவள் தன் வலை ஊசியை எடுத்துவந்து ஒரு முனையில் உட்கார்ந்தாள். நான் மறுமுனையில். பொழுது சாய்வதற்குள் எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டோம். மறுநாள் பாடு தப்பவில்லை, இறாலும் விழுந்தது. ஒரு கூடை அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டாள்.

ஆனால் அதற்குப் பிறகு அவள் வெங்காயம் கேட்டு வரவில்லை. படகேறுகிறவர்களிடம் அரைக் கிலோ வாங்கி வரச் சொல்லிவிடுகிறாள். என் வீட்டு மூட்டையில் வெங்காயம் முளைவிட்டுக் கிடக்கிறது.