கதிரையில் கிற்றார் பழகிய அக்கா

என் அக்கா கிற்றாரின் தடித்த கம்பிகளில் வாசிப்பதைக் கேட்டவர்கள் ஒரு கேள்வியைக் கேட்காமல் போவதில்லை. ஒரு சுரம் அடுத்ததன் மேல் விழாமல் இவ்வளவு சுத்தமாக வாசிக்க யாரிடம் பழகினாய் என்பார்கள். அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "கதிரையிட்டை" என்பாள். நாற்காலியிடம் பழகினாளாம் என்று, அவர்கள் பகிடியாக நினைத்துச் சிரிப்பார்கள். அது உண்மை என்பது அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எனக்கும்தான் தெரியும். காரணமே நான் என்பதால் நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன்.

எனக்கு அப்போது பத்து வயது. புலமைப்பரிசில் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தேன். காத்திருந்தேன் என்பது அடக்கமான சொல். எங்கள் ஊரான உரும்பிராயில் வழியில் எந்தக் கோயில் வந்தாலும் சைக்கிளை நிறுத்தி ஒரு கும்பிடு போட்டதில், பள்ளிக்கூடத்துக்குத் தினமும் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தேன்.

உயர்தரம் படித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு வேறு கவலை. விஜயதசமி மாலை எங்கள் சனசமூக நிலையத்து வாணி விழாவில், பக்திப் பாட்டு ஒன்றுக்கு அவள் கிற்றார் வாசிக்க வேண்டும். "வாணி விழாவுக்குக் கிற்றார் என்னத்துக்கு? வீணை இல்லையோ?" என்று நிலையத் தலைவர் இழுத்திருந்தார். பாடுகிற பிள்ளைகள் அடம்பிடித்ததால், இந்த ஒரு முறை பார்ப்போம் என்று அரை மனதோடு விட்டிருந்தார். அன்று பிழை விட்டால் அந்த மேடையில் கிற்றார் என்ற பேச்சே இனி எழாது. அது அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

மெல்லிய கம்பிகளில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. பாட்டின் தொடக்கமோ, முகத்துக்குக் கிட்ட இருக்கும் மூன்று தடித்த கம்பிகளில். அங்கேதான் சிக்கல். கம்பியை மீட்டும் சின்னப் பிளாஸ்டிக் துண்டைப் பிக் என்பார்கள். அதை அவள் கம்பிகளுக்கிடையில் ஆழமாக இறக்கிவிடுவாள். கீழே அடிக்கும்போது சமாளித்துவிடும். மேலே வரும்போது மாட்டிக்கொள்ளும். மாட்டியதை இழுக்க முழங்கை எழும்பும். கம்பி உதறி, ஒரு சுரத்தின் இரைச்சல் அடுத்த சுரத்தை மூடிவிடும். அம்மாவின் போனில், யாரோ ஒருவர் மணிக்கட்டை மட்டும் அசைத்து வாசிக்கும் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பாள். பார்த்துவிட்டு வாசித்தால் மறுபடியும் முழங்கைதான்.

"உது வாசிக்கிற கை இல்லைப் பிள்ளை, வெங்காயப் பாத்தி கொத்திற கை," என்றார் அப்பா. அவருக்கு அது பாராட்டு.

நவராத்திரியின் கடைசி மூன்று நாட்கள் வந்தன. புத்தகங்களைச் சரஸ்வதி படத்தின் முன் அடுக்கிவிட்டால் விஜயதசமி காலை வரை தொடக்கூடாது. பூசையில் வைத்ததை இடையில் எடுத்தால் வைத்தவருக்குப் பலன் கிடையாது என்று பெரியம்மா எப்போதோ சொல்லியிருந்தார். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கணக்குப் புத்தகத்தையும் மாதிரி வினாத்தாள்களையும் வைத்தேன். போதாது என்று பட்டது. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அதைத்தானே வைப்பார்கள்? சரஸ்வதியின் மடியில் இருப்பது கம்பி வாத்தியம். அவளுடைய கண் சட்டென்று போகக்கூடிய சாமான் எங்கள் வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

அக்கா ரியூசனுக்குப் போயிருந்த நேரம் கிற்றாரைத் தூக்கிக்கொண்டுபோய் நடுவில் படுக்க வைத்தேன். தடித்த கம்பிகள் மூன்றையும் சேர்த்துச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமமும் வைத்தேன். அக்காதான் வைக்கச் சொன்னாள் என்று நினைத்து அம்மாவும் தீபம் காட்டிவிட்டார். அதன் பிறகுதான் அக்கா வந்தாள்.

"ஆர் உதை உங்கை வைச்சது?"

"நான்தான். இனி எடுக்கேலாது. எடுத்தால் என்ரை றிசல்ற்ஸ் பிழைச்சுப் போம்."

"நீ எடு பிள்ளை," என்றார் அம்மா. "உவளின்ரை கதையை விடு. சரஸ்வதி கோவிக்க மாட்டா."

அக்கா கையை நீட்டினாள். நான் சத்தம் போடவில்லை. வாய் மட்டும் கோணிக்கொண்டு வந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு நீட்டிய கையால் தலையைச் சொறிந்துகொண்டு, "இருக்கட்டும் அம்மா. மூண்டு நாள்தானே," என்றாள். கோயிலுக்குள் போனாலும் கண் மூடிக் கும்பிடாதவள் அவள். கடைசியில் அவளுக்கும் சாமிப் பயம் வந்துவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோசம்.

அன்று பின்னேரமே பிளாஸ்டிக் கதிரை ஒன்றை விறாந்தைக்கு இழுத்துவந்து அதில் இருந்தாள். அம்மாவின் தையல் பெட்டியில் நூல் எடுத்து, கதிரையின் ஒரு கையிலிருந்து மறு கைக்கு, தன் வயிற்றுக்கு முன்னால் மூன்று இழைகளை இறுகக் கட்டினாள். நூலைப் பிக்கால் அடித்தாள். முதல் அடியிலேயே அறுந்தது. கட்டினாள். மறுபடி அறுந்தது. கம்பி என்றால் எவ்வளவு ஆழமாக இறக்கினாலும் பொறுத்துக்கொள்ளும். நூல் பொறுக்காது. பிக்கின் நுனி மட்டும் பட்டும் படாமலும் போனால்தான் அது உயிரோடிருக்கும். சத்தம் வராதபடியால் "தும், தும், துதும்" என்று வாயால் சொல்லிக்கொண்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் நூலுக்கு அடியால் நுழைந்து வருவாள்.

"கச்சேரி எப்பிடிப் போகுது?" என்று தோட்டத்தால் வந்த அப்பா கேட்பார்.

"இண்டைக்குக் கொஞ்சம் குறைய அறுந்தது."

அவள் எரிச்சல்பட்டு நான் பார்க்கவில்லை. முதல் நாளே வெள்ளை நூற்கட்டை பாதியாகிவிட்டது. இரண்டாம் நாள் பச்சை நூலுக்கு மாறினாள். அவளுடைய முழங்கை கதிரைக் கையை விட்டு எழும்பாமல் கிடந்தது. மூன்றாம் நாள் காலையில் கட்டிய நூல் விளக்கு வைக்கும்போதும் அப்படியே நின்றது. நான் போய்த் தொட்டுப் பார்த்தேன். இன்றுவரை எந்தக் கலைஞரைப் பார்த்தும் எனக்கு அப்படி ஒரு பிரமிப்பு வந்ததில்லை.

விஜயதசமி காலையில் பூசை முடிந்ததும் கிற்றாரை என் மடியில் வைத்தாள். "நீ அப்பினது, நீயே துடை."

சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. நகத்தால் கிளப்ப, மூன்று கம்பிகளின் தடமும் பதிந்து, ஒரே வில்லையாகக் கழன்று வந்தது. அதைக் கொண்டுபோய் என் கணக்குப் புத்தகத்துக்குள் பத்திரப்படுத்தினேன்.

மாலையில் அவள் மேடையேறினாள். அந்தத் தடித்த கம்பிகள் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியாக எடுத்து வைத்தன. மணிக்கட்டு மட்டும்தான் அசைந்தது. முன்வரிசையில் இருந்த தலைவரின் கால் தாளம் போடத் தொடங்கியதை நான் கண்டேன். முடிந்ததும், "அடுத்த வருசமும் உந்தப் பிள்ளைதான்," என்றார்.

நாலு நாள் கழித்து என் முடிவு வந்தது. வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைவு. நான் அம்மாவிடம் போகவில்லை, நேரே அக்காவிடம் போனேன்.

"நீ தொட்டனி! எனக்குத் தெரியாமல் இடையிலை கிற்றாரைத் தொட்டனி!"

அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள். என் முகத்துக்கு நேரே குனிந்து, "ஓம், ஒருக்காத் தொட்டனான்," என்றாள். "உன்னிலை ஒரு பிழையும் இல்லை."

ஒரு கிழமை நான் அவளோடு கதைக்கவில்லை. ஆனால் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாக நித்திரை கொண்டேன். நான் மொக்கும் இல்லை, சரஸ்வதி என்னைக் கைவிடவும் இல்லை, எல்லாம் அக்காவால் வந்தது. அந்த நினைப்பு எனக்குப் போதுமாக இருந்தது. கம்பியை யாராவது தொட்டிருந்தால் முதலில் உடைந்திருக்க வேண்டிய, ஆனால் ஒரு கீறலும் விழாத அந்தச் சந்தன வில்லை, அந்தக் கிழமை முழுவதும் என் கணக்குப் புத்தகத்துக்குள்தான் இருந்தது.