மயிலை நகர்த்திய காயத்ரி

காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் காயத்ரியைப் போல வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடுகிறவள் வேறு கிடையாது. ஓரிக்கை போகும் வழியில் இருக்கும் பாவுத் திடல் அவள் ராஜ்ஜியம். விடியும்போதே பாவு என்கிற பட்டு நெடுக்கிழைகளைத் திடலின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் உலர்த்தி, தறியில் ஏற்றத் தோதாகச் சுருட்டிக் கொடுத்துவிடுவாள். அந்தக் கூலிதான் அவள் வீட்டுக்குச் சோறு.

இரண்டாயிரத்து மூன்று சித்திரையில் மயில்கள் வந்தன. அதுவரை எங்களுக்கு மயில் என்றால் குமரகோட்டத்தில் முருகனைச் சுமக்கிற மயில்தான். உயிரோடு நடந்து வந்ததைப் பார்த்ததும் தெருவே கையெடுத்துக் கும்பிட்டது. கும்பிட்ட கை இறங்குவதற்குள் அது பாவின்மேல் ஏறிவிட்டது. ஆண் மயில் திடலின் நடுவில் தோகை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், கால் நகத்திலும் தோகையிலும் இழைகள் சிக்கி அறுந்துபோகும். தகரம் தட்டினோம். புதருக்குள் போய் நின்றுவிட்டு, நாங்கள் திரும்பியதும் அதே இடத்துக்கு வந்து ஆடியது. கல்லெடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. சாமியின் வாகனமாயிற்றே.

தெருப் பெரியவர் உமாபதி பொறுமையானவர்தான். அவரே ஒருநாள் காயத்ரியிடம் சொல்லிவிட்டார்.

"ஆடி வரைக்கும் பாக்கலாம்மா. அப்புறம் பாவு எல்லாத்தையும் வெளியூருல கஞ்சி போடுற மிஷினுக்கு அனுப்பிட வேண்டியதுதான். ஆவணியில முகூர்த்தம் இருக்குது, எம் பொண்ணு கல்யாணமும் இருக்குது, நான் என்னா பண்றது?"

மிஷினுக்குப் போன பாவு திரும்பித் திடலுக்கு வராது. அது அவளுக்கும் தெரியும். அழாமல் கிளம்பிச் சின்னக் காஞ்சிபுரத்துக்குப் போனாள். அவள் மகளுக்கு விலங்கியல் எடுக்கும் ஸௌம்யா டீச்சர் வீடு அங்கேதான்.

டீச்சர் உட்காரவைத்துச் சொன்னார். "ஊர் வருஷா வருஷம் வறண்டுண்டே வர்றது காயத்ரி. தாமல் பக்கம் நெல் போட்ட எடமெல்லாம் முள்ளாப் போச்சு. மயிலுக்கு அந்த மாதிரி எடம்தான் ஒத்துக்கும். அதான் மலைப்பக்கத்துலேர்ந்து பாலாத்தங்கரையோட இறங்கி வந்துடுத்து."

"இவ்ளோ பெரிய ஊர்ல என் திடல்தானா கெடைச்சுது டீச்சர்?"

"அதை வெயிலும் மழையும் மட்டும் முடிவு பண்றதில்லையே. அதுகளோட பழக்கமும் சேர்ந்துதான் பண்றது. பெட்டைகள் தினமும் எங்க மேய வர்றதோ, அங்கதான் ஆண் வந்து ஆடும். உன் திடலுக்குப் பெட்டை எதுக்கு வர்றதுன்னு பாரேன்."

பஸ் ஏறும் முன்பே காயத்ரிக்கு விளங்கிவிட்டது. பாவுக்குத் தடவி மிஞ்சிய கஞ்சியை நாங்கள் சாக்கடையில் ஊற்றமாட்டோம். அன்னம், மிதிபடக் கூடாது. திடலோரத்து வேப்பமரத்தடியில் பருக்கையோடு ஊற்றிவிடுவது வழக்கம். விருந்தும் வைத்துவிட்டு, விருந்தாளி போகமாட்டேன் என்கிறதே என்று தகரமும் தட்டியிருக்கிறோம்!

மறுநாளே கஞ்சியைத் தூக்கிக்கொண்டுபோய் ஆற்றங்கரை முட்புதரில் ஊற்றினாள். பெட்டைகளுக்கு அது தெரியவேயில்லை. வழக்கம்போல வேப்பமரத்தடிக்கு வந்து காலால் கிளறின. ஆணும் வந்தது, ஆடியது, ஒரு பாவு போயிற்று. "டீச்சரு பாடம் நல்லா நடத்தினாங்களா?" என்று கேட்டார் உமாபதி. காயத்ரி அறுந்த இழைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

ஆனால் தவறு எங்கே என்று பிடித்துவிட்டாள். நடந்து பழகிய தடத்தைவிட்டுப் பெட்டைகள் எகிறிப் போகாது. ஆகவே அடுத்த காலை மரத்தைவிட்டுக் கொஞ்சம் தள்ளி ஊற்றினாள். அவை வந்து தின்றன. பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி. புல்லுக்கட்டைக் காட்டி மாட்டை நடத்துவதுபோலத்தான். சில நாள் பெட்டைகள் தயங்கி நின்றுவிட்டால், பழைய இடத்துக்கே திரும்பி ஊற்றுவாள். "அவசரப்பட்டா எல்லாம் வீணாப்பூடும்பா" என்பாள், கேலி செய்தவர்களிடம். வைகாசியும் ஆனியும் அவள் இடுப்பிலிருந்து கஞ்சிக் குடம் இறங்கவில்லை.

ஆடி பிறந்தபோது பெட்டைகள் ஆற்றங்கரையில் மேய்ந்தன. ஆண் மட்டும் திடலில் தோகையை விரித்து நின்றது. பார்க்க ஆளில்லாத ஆட்டத்தை எத்தனை நாள் ஆடுவது? ஒரு காலை அதுவும் தோகையை மடித்துக்கொண்டு, பெட்டைகள் போன தடத்திலேயே ஆற்றுப் பக்கம் நடந்தது. தெருவே திடலோரம் நின்று பார்த்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல என்ன வெட்கம். அன்றைக்கு விரித்த பாவு ஓர் இழைகூட அறாமல் வெயிலில் பளபளத்தது. கூரம் கிராமத்திலிருந்துகூட ஆள் வந்து, மயிலை எப்படி நகர்த்தினாய் என்று காயத்ரியிடம் கேட்டுப் போனார்கள்.

அந்த வாரமே உமாபதி தன் மகள் கல்யாணப் புடவைக்கான பாவைத் தானே தோளில் சுமந்துகொண்டு திடலுக்கு வந்தார். காயத்ரி கஞ்சி தடவுவதை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தாள்.

"வரிசையில வைங்கண்ணா. உங்களுக்கு முன்னால மூணு பேரு இருக்காங்க."

தெருவுக்கே பெரியவரான உமாபதி, சுமையை இறக்கி வைத்துவிட்டு நான்காவது ஆளாகப் போய் நின்றார்.