கழுத்தில் ஒட்டிய ரேக்கு

பட்டறையில் அவளுக்கு மூச்சடக்கி என்று பெயர். அங்கே துணியில் பசையால் அச்சுக் குத்துவார்கள். பசை பாதி காய்ந்ததும் அதன்மேல் வெள்ளி ரேக்கை, அதாவது இலையைவிட மெல்லிசாகத் தட்டிய தகட்டை வைத்துப் பஞ்சால் ஒற்றி, மிச்சத்தைத் தூரிகையால் தள்ளிவிட வேண்டும். ரேக்கு மூச்சுக்காற்றுப் பட்டாலே பறந்துவிடும். மற்றவர்கள் வாயில் துணி கட்டிக்கொள்வார்கள்; இவள் மூச்சை இழுத்துப் பிடித்தால் சேலையின் ஒரு கரையையே முடித்துவிட்டுத்தான் விடுவாள்.

அந்த ரேக்கைத் தட்டித் தருகிறவன் அவள் புருஷன். தோல் மடிப்புகளுக்கு நடுவே வெள்ளித் துண்டை வைத்து நாள் முழுக்க இடது கைச் சுத்தியலால் அடிப்பான். தொழில் பழகிய புதிதில் அடி தவறி, வலது ஆள்காட்டி விரலில் பாதி போயிற்று. அதற்குப் பிறகு ஒரு ரேக்கும் அவனிடம் கிழிந்ததில்லை. தங்கமான கை என்று எல்லோரும் மெச்சினார்கள். அந்தத் தங்கமான கை வீட்டுக்குப் போனால் என்ன செய்யும் என்று அவள் முதுகைத்தான் கேட்க வேண்டும். படுபாவி, துணி மறைக்கிற இடமாகப் பார்த்துத்தான் அடிப்பான்.

அதே பட்டறையில் அச்சுக்கட்டை செதுக்குகிற அண்ணனிடம் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளையா? வாயில விரல வச்சாக்கூட கடிக்கத் தெரியாதே அவருக்கு! எங்கம்மா காயம்? காட்டு பாப்போம்."

அண்ணனிடம் முதுகைத் திறந்து காட்டவா முடியும்? அந்த மகாபுத்திசாலி அண்ணன் மூன்றாவது தடவைக்குப் பிறகு, "தங்கச்சி ஏதோ சொல்றாளே மாப்ளே" என்று அவனிடமே போய்க் கேட்டு வைத்தான்.

அன்று மத்தியானம் எல்லோரும் பின்பக்கம் சாப்பிடப் போயிருந்தார்கள். பாதி காய்ந்த பசை காத்திருக்காது என்பதால் அவள் மட்டும் ரேக்கு வைத்துக்கொண்டிருந்தாள். புருஷன் கதவை எட்டி உதைத்துக்கொண்டு வந்தான். ரேக்கு விரித்த அறைக்கதவை அப்படித் திறக்கிறவன் அந்தத் தொழிலிலேயே கிடையாது. காற்று புகுந்ததும், காலையெல்லாம் அவன் அடித்த ரேக்கில் முக்கால்வாசி எழுந்து கூரைக்குப் போயிற்று. அதற்கும் சேர்த்து அவள்தான் வாங்கினாள்.

"உங்கண்ணங்கிட்ட போட்டுக் குடுக்கறியா? இன்னையோட உன் கதைய முடிச்சிடறேன்டி!"

அச்சுக்கட்டையால் வாயில் அடித்தான். பல் தெறித்தது. தலைமுடியைப் பிடித்து மேசை விளிம்பில் மோதினான். பாய்ந்த வேகத்தில் அவன் வலது கை பசைத்தட்டில் விழுந்து எழுந்தது. அந்தக் கை கழுத்துக்கு வருவதைப் பார்த்ததும் பழக்கதோஷத்தில் அவள் மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டாள்.

அவன் நெரித்தான். திமிறினால் செத்தோம் என்று அவளுக்குப் புரிந்தது. கை கால்களைத் துவளவிட்டாள், கண்ணைச் செருகினாள். கழுத்து எலும்பு நொறுங்குகிற மாதிரி வலித்தது. ரேக்கு வைக்கும்போது எண்ணுகிற மாதிரி ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். நாற்பதாவது ரேக்கில் பிடி விட்டது. அவன் அவள் மூக்கில் காது வைத்துக் கேட்டான். அப்போதும் அவள் மூச்சு விடவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு அவன் பின்பக்கம் ஓடினான். "ஐயோ மச்சான், ஓடி வாங்க! மேசையில முட்டி விழுந்துட்டா! நான் வரும்போதே பேச்சு மூச்சில்லாம கெடந்தா!"

அண்ணன் ஓடி வந்தபோது அவள் சுவரைப் பிடித்து எழுந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் வந்த புருஷனுக்கு முகம் வெளிறிப்போயிற்று. அவளுக்குக் குரல் எழும்பவில்லை. மேசையில் தப்பிக் கிடந்த ரேக்குகளில் இரண்டை எடுத்தாள். கழுத்தில் வைத்தாள். பஞ்சால் ஒற்றினாள். தூரிகையால் மிச்சத்தைத் தள்ளினாள்.

கழுத்தின் ஒரு பக்கம் கட்டைவிரல் வெள்ளியாக எழும்பியது. மறுபக்கம் மூன்று முழு விரல்களும் ஒரு பாதி விரலும்.

ஆயுள் முழுக்க அச்சுப் பார்த்த அண்ணனுக்கு அதைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"காயம் எங்கன்னு கேட்டியேண்ணே," என்றாள் ரத்தம் வழிகிற வாயோடு, காற்றாக வந்த குரலில். "பாரு."

அண்ணன் மூலையில் கிடந்த ரேக்குச் சுத்தியலை எடுத்தான். புருஷன் திரும்புவதற்குள் அவன் வலது கையை முறுக்கி மேசைமேல் அழுத்தினான். "மச்சான், மச்சான்" என்று அவன் கதறினான்.

அவள் தள்ளாடிப் போய்க் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாள். பறக்காமல் மிச்சமிருந்த ரேக்குகளைத் துணியால் மூடினாள்.

"இப்ப அடிண்ணே," என்றாள்.