இன்ச் டேப்பில் பல் தடம்

இன்ச் டேப்பை மடித்துப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்ட பிறகுதான் அந்தத் தையல்காரி சட்டைப் பொத்தானை அவிழ்ப்பாள். மடியில் எட்டு மாதப் பெண் குழந்தை பசியில் காலை உதைத்துக்கொண்டிருக்கும். வாடிக்கையாளர்கள் துணி போட்டுப் பார்க்கும் சிறு அறை அது. திரையை இழுத்து மூடியிருப்பாள். எதிரே ஆளுயரக் கண்ணாடி. அதில் தன் முகத்தைப் பார்ப்பதில்லை. குழந்தையின் தாடையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆல்டரேஷன் கடையில் வேலை. இளைத்தவர்களுக்குப் பிடித்துக் கொடுக்க வேண்டும், பெருத்தவர்களுக்குப் பிரித்துவிட வேண்டும். பெருத்தவர்களிடம், "துணி சுருங்கிடுச்சு சார், அவ்வளவுதான்" என்று முகம் மாறாமல் சொல்வாள். நெஞ்சழுத்தக்காரி. ஒருமுறை மெஷின் ஊசி நகத்தோடு விரலில் இறங்கியபோது, சக்கரத்தைப் பின்னால் சுற்றித் தானே எடுத்துவிட்டு, "கொஞ்சம் தண்ணி குடுங்க" என்று மட்டும் கேட்டவள். அப்பேர்ப்பட்டவளை இப்போது இரண்டு பல் நடுங்க வைக்கிறது. கீழ் ஈறில், அரிசி நொய் அளவுக்கு, இரண்டே பல்.

கடையில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுக்கும் அக்கா குழந்தைக்கு எலிக்குட்டி என்று பெயர் வைத்துவிட்டாள். "எலிக்குட்டி இன்னைக்கு எத்தனை வாட்டி கடிச்சா?" என்று தினமும் விசாரிப்பாள். தையல்காரிக்குச் சிரிப்பு வராது. பசி நேரம் நெருங்கினாலே முதுகு வியர்த்துவிடும். "இந்த ஒரு ஜிப்பை முடிச்சிட்டுப் போறேன்க்கா" என்பாள். ஜிப் முடிந்தால் ஒரு கொக்கி பாக்கியிருக்கும். கூடையில் கிடக்கும் குழந்தை வீறிட்ட பிறகுதான் எழுந்திருப்பாள். பெற்ற பிள்ளையைக் கண்டு பயப்படுகிறோமே என்ற வெட்கம் வேறு.

வலியைப் பொறுத்துக்கொள்வாள். தான் கத்திவிடுவோமோ என்பதுதான் அவளுடைய பெரிய பயம்.

போன மாதம் முதல் கடி விழுந்தபோது அவள் வாயில் குண்டூசிகள் இருந்தன. தையல் வேலைக்காரர்களுக்கு உதடுதான் ஊசிப்பெட்டி. ஐந்து ஊசி வாயில் இருப்பதே நினைவில்லாமல், வேலைக்கு நடுவில் குழந்தையைத் தூக்கிப் பால் கொடுக்க உட்கார்ந்துவிட்டாள். நறுக்கென்று கடித்தது. அவள் போட்ட அலறலில் ஊசிகள் குழந்தைமேல் சிதறின. நாலு கிடைத்தது, ஐந்தாவதைக் காணோம். வாயைப் பிளந்து அழுத குழந்தையின் நாக்குக்கடியில் விரலைவிட்டுத் துழாவினாள். "முழுங்கிடுச்சாக்கா? முழுங்கியிருக்குமாக்கா?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டாள். காஜா அக்கா காந்தத்தைக் கொண்டுவந்து தரையைத் தடவினாள், விரிப்பைத் தடவினாள், குழந்தையின் உடம்பெல்லாம் தடவினாள். கடைசியில் குழந்தையின் காலுறை மடிப்பில், டிக் என்று ஊசி ஒட்டியது. அன்றோடு தையல்காரி வாயில் ஊசி வைப்பதை விட்டாள்.

ஆனால் எலிக்குட்டி அந்த அலறலை மறக்கவில்லை. ஒன்றரை நாள் மார்புப் பக்கம் முகத்தையே திருப்பவில்லை. கிட்டே கொண்டுபோனால் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு அழுதது. கரண்டியில் கொடுத்ததைத் துப்பியது. பால் கட்டிக் கல்லாகிவிட்ட நெஞ்சோடு, "எம்மேல வெறுப்பு வந்துடுச்சுக்கா. இனிமே வரமாட்டா" என்று இவளும் அழுதாள். இரண்டாம் நாள் மாலை, அரைத் தூக்கத்தில் அதுவாகவே வந்து ஒட்டிக்கொண்டது. மறுபடி ஒருமுறை கத்தினால் ஒரேயடியாகப் போய்விடும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாள்.

கிளினிக்கில் நர்ஸம்மா விவரமாகச் சொல்லியிருந்தாள். "வயிறு நிறைஞ்சு விளையாட ஆரம்பிக்கறப்பதான் கடிக்கும். தாடையைப் பார்த்துக்கிட்டே இருங்க. கடிச்சா வெடுக்குனு இழுக்காதீங்க. வாயோரமா சுண்டுவிரலை விட்டா தானா விட்டுடும். கத்த மட்டும் கத்தாதீங்க."

"கத்தாம எப்படிங்க இருக்கறது?"

நர்ஸம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். இவள் கழுத்தில் தொங்கிய டேப்தான் கைகொடுத்தது. இப்போது அதில் ஒரு பக்கம் பூராவும் பல் தடம். "முப்பதா முப்பத்தெட்டான்னே தெரியலையேடி. எவன் இடுப்பையாவது தப்பா வெட்டித் தொலைக்கப் போறே" என்கிறாள் அக்கா.

நேற்று மதியமும் அப்படித்தான் உட்கார்ந்தாள். குளிர வைத்த ஈரத்துணியை முதலில் குழந்தைக்கு ஈறு இதமாகக் கடிக்கக் கொடுத்தாள். பிறகு டேப்பைக் கடித்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, குழந்தையை அணைத்தாள். மடக் மடக்கென்று சத்தம் கேட்டது. தோள் கொஞ்சம் தளர்ந்தது. சற்று நேரத்தில் சத்தம் நின்றது. கண்ணாடியில் தாடை அசையவில்லை. சுண்டுவிரலைக் கொண்டுபோவதற்குள், எலிக்குட்டி அவள் வாயோரம் தொங்கிய டேப் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தது. டேப் அதன் கைக்குப் போயிற்று. அதே நொடியில் கடித்தது.

அவள் வாய் அகலத் திறந்துவிட்டது. திறந்த வாயைக் குழந்தையின் உச்சந்தலையில் வைத்து அழுத்திக்கொண்டாள். சத்தம் வெளியே வரவில்லை. கண்ணிலிருந்து மட்டும் நீர் ஒழுகியது. சுண்டுவிரல் தடவித் தடவி வாயோரத்தைக் கண்டுபிடித்தது.

பிடி விட்டது. குழந்தை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தது. அவள் மூச்சுவிடாமல் அதன் முகத்தைப் பார்த்தாள். அழப்போகிறதா, திரும்பிக்கொள்ளப்போகிறதா என்று தெரியவில்லை. எலிக்குட்டி டேப்பை வாயில் வைத்துக் கொஞ்சம் கடித்துப் பார்த்தது. பிடிக்கவில்லை போலிருக்கிறது, கீழே போட்டுவிட்டு அவள் சட்டையைப் பற்றியது.

தையல்காரி தரையில் கிடந்த டேப்பைப் பார்த்தாள். அதை எடுக்கவில்லை. குழந்தையை மறு பக்கம் மாற்றிப் படுக்க வைத்துக்கொண்டு, அடுத்த பொத்தானை அவிழ்த்தாள்.