ஜுனா பஸ்னேத்தின் நெற்றித் துப்பாக்கி

எங்கள் தோபிலே பஜாரில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இரண்டே பேர். ஒருவர் போலீஸ் சௌகி ஹவல்தார். அவருடையது சுடுமா என்று அவருக்கே சந்தேகம். இன்னொருத்தி ஜுனா பஸ்னேத். அவள் காலையில் கதவு திறந்ததிலிருந்து வருகிறவர் போகிறவர் எல்லோரையும் நெற்றியிலேயே சுட்டுக்கொண்டிருப்பாள்.

ஜுனா எங்கள் ஹெல்த் போஸ்ட்டின் நர்ஸ். நான் அங்கே மருந்து எடுத்துக் கொடுப்பவன். சுவரில் ஒரு சின்ன ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் நான், எனக்கு நேர் எதிரே அவள் மேஜை. அதனால் அவள் வாழ்க்கையில் பாதியை நான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமலே பார்த்துவிட்டேன். பார்க்காதே என்றால் ஜன்னலை வேறு பக்கம் வைத்திருக்க வேண்டும்.

அந்தத் துப்பாக்கி கொரோனா சமயத்தில் ஒரு அட்டைப் பெட்டியில் வந்தது. நெற்றிக்கு மூன்று விரல் தள்ளிப் பிடித்து விசையை அழுத்தினால் பீப் என்று சத்தம் வரும். காய்ச்சல் இல்லையென்றால் பச்சை விளக்கு, இருந்தால் சிவப்பு. முதல் நாள் மேல்கிராமத்திலிருந்து வந்த தாமாங் இனத்துக் கிழவர் ஒருவர், அவள் அதை நீட்டியதும் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்.

"தாயே, நான் ஒண்ணும் பண்ணல. எங்க ஊட்ல ரெண்டு ஆடுதான் இருக்கு, வேணும்னா எடுத்துக்க!"

ஜுனா சிரித்த சிரிப்பில் கை மேலே போய், விசை அழுந்தி, கூரையின் வெப்பத்தை அளந்துவிட்டது. "தாத்தா, கூரைக்குக் காய்ச்சல் இல்ல. கையை இறக்குங்க, இப்ப உங்களைப் பார்ப்போம்" என்றாள். சுட்டுவிட்டு, பச்சை விளக்கை அவருக்குக் காட்டி, தோளில் ஒரு தட்டு தட்டி அனுப்பினாள். கிழவர் மறுவாரம் காய்ச்சலே இல்லாமல் பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார். அவளையும் ஒரு தடவை சுட வேண்டுமாம்.

இப்படிப்பட்டவளுக்கு முப்பத்தெட்டு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்க வந்தவர்களுக்குக் குறைவில்லை. வருவார்கள், டீ குடிப்பார்கள், கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுவிட வேண்டும் என்பார்கள். இவள் அரிசிமாவில் வளையமாகப் பொரித்த செல் ரொட்டி இன்னொன்று எடுத்துக்கொள்ளச் சொல்லி, அவர்கள் மென்று முடித்ததும் வாசலைக் காட்டிவிடுவாள். தன்னந்தனியாக இருக்கிறோமே என்று அவள் மூக்கைச் சிந்தி நான் பார்த்ததில்லை. சிந்தாமலும் இருந்திருக்க மாட்டாள். ஹெல்த் போஸ்ட்டில் சிந்தவில்லை, அவ்வளவுதான்.

கேசர் கார்க்கி ஜீப் ஓட்டுபவன். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் பதினெட்டுப் பேரை அடைத்து, இரண்டு ஆட்டையும் மேலே ஏற்றி, பாட்டுப் பாடிக்கொண்டே மலை இறங்குவான். ஜுனாவைவிட இரண்டு வயது சின்னவன். ஒரு வெயில் காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஜுனா நெற்றியில் சுட்டாள், நான் மாத்திரை கொடுத்தேன். காய்ச்சல் போயிற்று, ஆள் போகவில்லை.

அதற்குப் பிறகு வாரம் தவறாமல் வந்தான். உடம்பு கணகணக்கிறது, வாய் கசக்கிறது, கண் எரிகிறது என்று தினுசு தினுசாகச் சொல்லுவான். சுட்டால் பச்சை. பச்சை வந்தால் உட்கார இடமில்லை, அடுத்த ஆளுக்கு வழிவிட வேண்டும். பயலுக்கு மூளை வேலை செய்தது. அந்தத் துப்பாக்கி தோலின் சூட்டைத்தான் பார்க்கும் என்று எங்கேயோ தெரிந்துகொண்டு, மலையேறி வந்த ஜீப்பின் பானட்டில் நெற்றியை வைத்துக் கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு உள்ளே ஓடி வந்தான்.

பீப். சிவப்பு.

"பாருங்க ஜுனா ஜி! நான் சொன்னா நம்பறீங்களா? நூத்தி ரெண்டு!"

"ஐயையோ, ரொம்ப ஜாஸ்தி. டிரைவர் சாப், இந்த பெஞ்சுல நிழல்ல பத்து நிமிஷம் உட்காருங்க. தண்ணி குடிங்க."

பத்து நிமிஷம் கழித்துச் சுட்டாள். பச்சை.

"உங்க உடம்புக்கு ஒண்ணுமில்ல. வண்டிக்குத்தான் காய்ச்சல். நெத்தியில தூசி ஒட்டியிருக்கு பாருங்க, வட்டமா."

பெஞ்சில் இருந்த பிள்ளைத்தாய்ச்சிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருத்தி சிரித்த சிரிப்பில் பிரசவ அறையைத் திறக்க வேண்டி வருமோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. கேசரும் சிரித்தான். மறுவாரம் தூசியைத் துடைத்துவிட்டு வந்தான்.

எனக்கோ எரிச்சல். பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்குத்தானே வலி! ஒருநாள் ஜுனாவிடம் கேட்டே விட்டேன். "அவன் எதுக்கு வர்றான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அண்ணே. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டாத்தானே? விளையாட்டுக்கு வர்றவன்கிட்ட நான் போய் என்ன சொல்றது? ரெண்டு வயசு சின்னவன் வேற. 'அவளே போய்ப் புடிச்சுக்கிட்டா'ன்னு ஊரு சொல்லும்."

அவனிடம் கேட்டேன். "கேட்டு அவங்க இல்லைன்னுட்டா? அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு காய்ச்சல் பார்க்க வர்றது?" என்றான்.

இரண்டு கழுதைகள், நடுவில் ஒரு துப்பாக்கி. அவள் அவனை எண்ணிக்கொண்டு கிடக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஜீப் சத்தம் கேட்டால் முதலில் கொண்டையைத் தொட்டுப் பார்ப்பாள், அப்புறம்தான் துப்பாக்கியை எடுப்பாள்.

எங்கள் பெரிய பண்டிகையான தசைன் வந்தது. ஊரே வீட்டுக்கு ஓடும்போது யாராவது இருவர் ஹெல்த் போஸ்ட்டில் இருக்க வேண்டும். பொறுப்பாளர் சார் தன் ஊருக்குப் போய்விட்டார். ஜுனா தானாகவே நான் இருக்கிறேன் என்றாள். சீட்டுக் குலுக்கிப் போட்டதில் இன்னொருவனாக நான் மாட்டினேன். வெளியே மூங்கில் ஊஞ்சல் ஆடுகிறது, பட்டம் பறக்கிறது, எல்லா வீட்டிலும் ஆட்டுக்கறி கொதிக்கிறது, என் கூட்டாளிகள் சீட்டாடுகிறார்கள். நான் இருமல் மருந்துக்குக் காவல். என் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

டீகா நாளன்று அந்தத் துப்பாக்கியோடு படும் பாடு வேறு எங்கும் இருக்காது. அரிசி, தயிர், குங்குமம் எல்லாம் பிசைந்து பெரியவர்கள் நெற்றியில் அப்பி அனுப்பியிருப்பார்கள். அதைத் துடைக்கக் கூடாது. அது ஆசீர்வாதம், தானாகக் காய்ந்து விழ வேண்டும். நாலு பெரியவர் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு நெற்றி என்று ஒன்று வெளியே தெரியாது. ஜுனா ஓரத்தில், புருவத்துக்கு மேலே, எங்காவது விரல் அகலத்துக்குத் தோல் தெரிகிறதா என்று தேடிப் பிடித்துச் சுடுவாள்.

நடுப்பகலில் கேசர் வந்தான். அவன் அம்மா தன்குமாரிக்கு எதையும் கஞ்சத்தனமாகச் செய்யத் தெரியாது. புருவத்திலிருந்து முடி வரை, ஒரு பொட்டிலிருந்து மறு பொட்டு வரை, மகன் நெற்றியில் ஒரு வயலே நட்டு வைத்திருந்தாள். காதோரத்தில் ஜமரா, பண்டிகைக்கென்று வீட்டில் முளைக்க வைத்த மஞ்சள் நாற்று. தயிர் இன்னும் ஈரம், சொட்டிக்கொண்டிருந்தது.

"ஜுனா ஜி, உடம்பு சரியில்ல."

"தசைன் அன்னிக்குமா! இன்னிக்கு பானட் எவ்வளவு சூடு?"

சிரித்துக்கொண்டே அந்த அரிசித் தயிரின் மேலேயே சுட்டாள். பீப். பச்சை. "தொண்ணூத்தி மூணு! டிரைவர் சாப், உங்களுக்குக் காய்ச்சல் இல்ல, நீங்க பாதி செத்துட்டீங்க. கறி ஜாஸ்தியாயிடுச்சு, போய்த் தூங்குங்க."

"சரி" என்றான் கேசர். எழுந்து போய்விட்டான்.

நான் ஜன்னலுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டிருந்தேன். ஜுனாவின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது.

"அண்ணே, அவரு சண்டையே போடலியே."

"அதுக்கென்ன?"

"இன்னொரு தடவை பாருங்கன்னு கூடக் கேட்கலியே!"

அடுத்த கணம் அவள் வாசலில் இருந்தாள். கேசர் ஜீப்பில் ஏறவில்லை. சக்கரத்தின் பக்கத்தில் தரையில் குந்தி, அந்த வெயிலில் கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தான். ஜுனா அவன் கழுத்தில் கை வைத்தாள், சுட்டதுபோல இழுத்துக்கொண்டாள். பிறகு இடுப்பில் செருகியிருந்த துணியை உருவி, ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்த அத்தனை பேரும் பார்க்க, அம்மா வைத்த டீகாவை ஒரே இழுப்பில் வழித்து எறிந்தாள்.

ஊஞ்சல் நின்றுவிட்டது. "டீகாவைத் துடைச்சிட்டா! தசைன் அன்னிக்கே துடைச்சிட்டா!" என்று யாரோ கத்தினார்கள்.

அவள் காதில் எதுவும் விழவில்லை. நெற்றியை உலர ஒற்றி, கொஞ்சம் பொறுத்துச் சுட்டாள். சிவப்பு. நூற்று நாலு.

"அண்ணே, தூக்குங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் நான் மருந்து ஜன்னல் வழியாகவே வெளியே குதிக்கப் பார்த்தேன். தூக்கி வந்து படுக்க வைத்தோம். பண்டிகைக்கு முன்னால் ஊஞ்சல் கயிற்றுக்குப் புல் அறுக்கக் காட்டுக்குப் போனவன் அவன்தான். இடுப்பில் பூச்சி கடித்த இடம் கறுத்துப் பொருக்காகி இருந்தது, புல் பூச்சி கடித்து வரும் காய்ச்சலுக்கு அதுதான் அடையாளம். பொறுப்பாளர் சாருக்குப் போன் போட்டாள், அவர் சொன்ன பரிசோதனையைச் செய்தாள், அவர் சொன்ன மருந்தை நான் எடுத்துக் கொடுத்தேன். ஈரத் துணியால் அவள் அவன் கை காலை ஒற்றிக்கொண்டே இருந்தாள். "நான் சிரிச்சிட்டேனே அண்ணே, பச்சையைப் பார்த்துட்டு நான் சிரிச்சிட்டேனே" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்போதுதான் அவள் மூக்கைச் சிந்தி நான் பார்த்தேன். நானும் சிந்தினேன், சொன்னால் என்ன.

மறுநாள் காலையில் காய்ச்சல் நூறுக்கு இறங்கியது. கேசர் கண்ணைத் திறந்து, "இன்னொரு தடவை சுடுங்க" என்றான். பிழைத்துவிட்டான் என்று தெரிந்துகொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் தன்குமாரி வந்தாள். மகனுக்குக் காய்ச்சல் என்ற செய்தியும், டீகா துடைக்கப்பட்ட செய்தியும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்திருந்தன. ஒரு கையில் டீகா தட்டு, இன்னொரு கை இடுப்பில். பின்னால் பாதிப் பஜார்.

"எவ அவ? என் புள்ள நெத்தியில கை வச்சவ எவ?"

ஜுனா எழுந்து நின்றாள். "நான்தான்மா. தயிருக்கு அடியில காய்ச்சல் தெரியல."

நான் ஜன்னலுக்குப் பின்னாலிருந்தே நடந்ததைச் சொன்னேன். இன்னும் ஒருநாள் போயிருந்தால் ஆளைப் பார்த்திருக்க முடியாது என்று பொறுப்பாளர் சார் போனில் சொன்னதையும் சொன்னேன். தன்குமாரி மகன் நெற்றியைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள். பிறகு ஜுனாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் பழைய குரல் வந்துவிட்டது.

"தசைன்ல என் புள்ள மொட்டை நெத்தியோட கிடக்கக் கூடாது. நான் வச்சது அவனுக்குத் தோதுப்படல. உன் கைதான் ராசியான கை. நீ அவனுக்கு ரெண்டு வயசு மூத்தவ. கூடப் பொறந்தவ மாதிரி நின்னு காப்பாத்தியிருக்க. நீயே வச்சு விடு, பொண்ணே!"

தட்டை ஜுனாவின் கையில் திணித்தாள்.

பின்னால் நின்ற பெண்கள் எல்லாம் "ஆமா, அதுதான் சரி, வச்சு விடு" என்றார்கள். எங்களிடம் டீகா மூத்தவர் கையிலிருந்து இளையவர் நெற்றிக்குத்தான் இறங்கும். மூத்தவர் கை நீட்டினால் மாட்டேன் என்று சொல்ல முடியாது, அது பெரிய அவமரியாதை. கேசர் முகத்தைப் பார்த்தேன். தசைனுக்கு வாங்கிக் கட்டின ஆடு இப்படித்தான் பார்க்கும். போர்வையை மெல்ல இழுத்துப் புருவம் வரை மூடினான்.

"போர்வையை எடுடா! அவ வைக்கட்டும்" என்று அம்மாவே உருவிவிட்டாள்.

ஜுனா மூன்று விரலால் அரிசியை அள்ளினாள். கை அவன் நெற்றிக்குப் போயிற்று. துப்பாக்கி பிடிக்கும் அதே தூரத்தில் நின்றது. அரிசி நழுவி அவன் மூக்கில் விழுந்தது. அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். நான் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

"என்னால முடியாதும்மா."

"ஏன்? உன் கைக்கு என்ன வந்துச்சு?"

"கைக்கு ஒண்ணுமில்ல."

"அப்புறம் என்னடி? நான் சொல்றேன், வை!"

ஜுனா என்னைப் பார்த்தாள், பஜாரைப் பார்த்தாள். காது வரை சிவந்துவிட்டது. கடைசியில் தட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வச்சா நான் அவருக்கு அக்கா ஆயிடுவேன்."

கேசர் ஒரு கண்ணைத் திறந்தான். அப்புறம் இன்னொரு கண்ணையும் திறந்து, பாயிலிருந்து எழுந்தே உட்கார்ந்துவிட்டான். தன்குமாரி அவளைப் பார்த்தாள், மூக்கில் அரிசியோடு பல்லெல்லாம் தெரிய உட்கார்ந்திருந்த மகனைப் பார்த்தாள், மறுபடி அவளைப் பார்த்தாள். திடீரென்று நெருப்பைப் பிடுங்குவதுபோலத் தட்டைப் பிடுங்கினாள்.

"ஐயோ, வைக்காதே! கையை எடு, கையை எடுங்கறேன்!" என்று கத்திக்கொண்டே, தன் சால்வையின் முனையால் ஜுனாவின் விரல்களை ஒவ்வொன்றாக, நகக்கண்ணில் ஒரு அரிசி மிச்சமில்லாமல், அழுத்தி அழுத்தித் துடைத்தாள்.